பத்தாம் வகுப்பு ஜூனில் தொடங்கும் இன்ஜினியரிங்

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் பற்றிய பேச்சு பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று தொடங்கும். கட் ஆஃப் எவ்வளவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, கோயம்புத்தூரா சென்னையா, ஹாஸ்டலா பஸ்ஸா என்று கலந்தாய்வின் கடைசிச் சுற்று வரை ஓயாது. இந்தப் பேச்சு முழுவதும் இரண்டு ஆண்டு தாமதமாக நடக்கிறது என்பதுதான் என் குறை. ஒரு பிள்ளை எந்த வழியாக இன்ஜினியர் ஆகப் போகிறது, ஆக முடியுமா என்பதெல்லாம் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு, மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அவசரத்தில், பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து பேசாமலேயே முடிவாகிவிடுகிறது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப், இல்லாவிட்டால் பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்கிற முடிவு அது.

முதலில் குரூப் விஷயம். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கும் குரூப்பில்தான் மாநிலப் பொறியியல் கலந்தாய்வுக்கான பொதுவழி இருக்கிறது. நான்காவது பாடம் உயிரியலா கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது பெரிய விஷயமில்லை. பயோ-மேத்ஸ் படித்தவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்கில் சேரலாம், சேர்ந்து நன்றாகவே படிக்கிறார்கள். கணக்கு வராது என்று பதினைந்து வயதில், கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு, டாக்டர் சீட் கிடைக்காதபோது இன்ஜினியரிங் பக்கம் திரும்புகிறவர்களுக்குத்தான் கதவு மூடியிருக்கும். அதேபோல, கணக்கே பிடிக்காத பிள்ளையை ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளுவதும் நடக்கிறது. அதன் விலை என்ன என்று பின்னால் பார்ப்போம். தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கும் பொறியியலில் தனி ஒதுக்கீடு உண்டு. பல பள்ளிகளில் அந்தப் பிரிவு மாணவர்களுக்கே அது தெரிவதில்லை.

அடுத்து ஒரு கணக்கு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ, பி.இ. நான்கு ஆண்டு: மொத்தம் 6 ஆண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு டிப்ளமோ 3 ஆண்டு, லேட்டரல் என்ட்ரி வழியாக நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்து 3 ஆண்டு: அதுவும் 6 ஆண்டுதான். ஐ.டி.ஐ. 2 ஆண்டு, அதிலிருந்து நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ 2 ஆண்டு, பிறகு பி.இ. 3 ஆண்டு என்றால் 7. ஒரே ஒரு ஆண்டுதான் கூடுதல். ‘பாலிடெக்னிக் போனால் காலம் வீண்’ என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லும் பெரியப்பாக்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததில்லை. பிளஸ் டூ வழியில் போகிறவரின் கையில் ஆறாம் ஆண்டு முடியும்வரை வேலைக்கான தாள் எதுவும் கிடையாது. டிப்ளமோ வழியில் போகிறவருக்கு மூன்றாம் ஆண்டு முடிவிலேயே ஒன்று வந்துவிடும். வீட்டு நிலைமை இடையில் மாறினால் இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பது அனுபவப்பட்ட குடும்பங்களுக்குத் தெரியும்.

இஸ்ரோவில் இருந்து சில வழித்தடங்கள்

பள்ளிகளில் பேச்சாளர்கள் இஸ்ரோ விஞ்ஞானிகளின் பெயரைச் சொல்லி மாணவர்களுக்கு ஊக்கம் ஊட்டுவது வழக்கம். அவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்பதைச் சொன்னால் இன்னும் பயன்படும். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்தபிறகுதான் சென்னை குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் (எம்.ஐ.டி.) விமானப் பொறியியலுக்கு வந்தார். கே. சிவன் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, அதே எம்.ஐ.டி.யில் 1980இல் விமானப் பொறியியல் பட்டம் பெற்றார். மயில்சாமி அண்ணாதுரை அரசுப் பள்ளி முடித்து, பொள்ளாச்சியில் பி.யு.சி. (இன்றைய பிளஸ் டூ போன்றது) படித்துவிட்டு, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனவர்.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் பி. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்தவர். பிறகு சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர். அவரும் மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர். 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். கல்லூரிக்குப் போகாமலே எழுதக்கூடிய, பட்டத்துக்கு நிகரான ஏ.எம்.ஐ.இ. தேர்வை முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக்., அங்கேயே முனைவர் பட்டம் என்று மேலே போனார்.

ஐந்து பேரில் இரண்டு பேர் பி.எஸ்சி. முடித்து வந்தவர்கள், இரண்டு பேர் டிப்ளமோவிலிருந்து வந்தவர்கள், ஒருவர்தான் பி.யு.சி. முடித்து நேரே வந்தவர். இவர்கள் விதிவிலக்கான மனிதர்கள், நம் வீட்டுப் பையனுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திறமை எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்காது. ஆனால் அவர்கள் நடந்த வழிகளில் பெரும்பாலானவை இன்றும் திறந்திருக்கின்றன. பி.எஸ்சி. முடித்தவர், பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் இன்றைக்கும் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர விண்ணப்பிக்கலாம். மூடிப்போனது ஏ.எம்.ஐ.இ. வழி மட்டும். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அதைப் பட்டத்துக்கு நிகராக எடுத்துக்கொள்வோம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. தேர்வு இன்னும் நடக்கிறதே என்று யாராவது விளம்பரம் காட்டினால், இந்தத் தேதியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாலிடெக்னிக்: யாருக்கு, எங்கே, என்ன விலைக்கு

டிப்ளமோவில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசு பாலிடெக்னிக்குகள் உண்டு. அங்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக், கோவை பி.எஸ்.ஜி., பொள்ளாச்சி நாச்சிமுத்து, சேலம் தியாகராஜர், ராஜபாளையம் ராமசாமி ராஜா, ஆவடி முருகப்பா போன்றவை தலைமுறைகளாக ஃபேக்டரிகளுக்கு ஆள் கொடுத்து வருகின்றன. அந்தந்த ஊர்த் தொழிற்பேட்டையில் விசாரித்தால் எந்த பாலிடெக்னிக் பையனை எடுப்பார்கள் என்று உடனே சொல்லிவிடுவார்கள். இணையத்தில் வரும் எந்தத் தரவரிசையையும்விட அந்த விசாரணையை நான் நம்புவேன்.

படிப்பின் தன்மை வேறு. முதல் ஆண்டிலேயே ஒர்க்‌ஷாப், இன்ஜினியரிங் டிராயிங் எல்லாம் வந்துவிடும். ஃபிட்டிங் பெஞ்சில் அரம் பிடித்துத் தேய்த்து, சதுரம் சரியாக இருக்கிறதா என்று டிரை ஸ்கொயர் வைத்துப் பார்ப்பது பதினாறு வயதில் நடக்கும். பிளஸ் டூ வழியில் வந்த மாணவர் இதைப் பதினெட்டில், அதுவும் ஒரு செமஸ்டர் லேபாக, கடமைக்கு முடித்துவிட்டுப் போவார். சான்ட்விச் டிப்ளமோ என்று ஒன்று இருக்கிறது. மூன்றரை ஆண்டு, இடையில் ஃபேக்டரிப் பயிற்சியும் சேர்ந்தே வரும். கையால் செய்துபார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற வகைப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிளஸ் டூ வேதியியலில் சமன்பாடுகளை மனப்பாடம் செய்து தோற்பதைவிட இங்கே நிமிர்ந்து நிற்பார்கள்.

விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதல் விலை கணிதம். லேட்டரலில் வருகிறவர் முதல் ஆண்டைத் தாண்டி மூன்றாவது செமஸ்டரில் வந்து உட்காருகிறார். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு அந்த செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் காத்திருக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள் பிளஸ் டூ கால்குலஸும், முதல் ஆண்டில் இரண்டு கணிதப் பாடங்களும் முடித்திருப்பார்கள். டிப்ளமோ கணிதம் அந்த ஆழத்துக்குப் போகாது. இதனால் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்து மனம் உடைகிறவர்கள் அதிகம். அதே மாணவர்கள் மெஷின் டிராயிங்கிலும் லேபிலும் வகுப்புக்கே சொல்லிக்கொடுப்பார்கள், அது வேறு. டிப்ளமோ கடைசி ஆண்டில் இருக்கும்போதே பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை எடுத்து, வகையிடல், தொகையிடல், அணிகள் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிச் சுமை குறையும். புத்தகம் பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாவது விலை, மூன்றாம் ஆண்டு முடிவில் வரும் சம்பளம். பத்தொன்பது வயதில் மாதச் சம்பளம் கையில் வந்ததும், அது சிறியதாக இருந்தாலும், மறுபடி மூன்று ஆண்டு படிக்கப் போக மனம் வராது. ஷிஃப்ட், ஓவர்டைம், கம்பெனி பஸ், ஒரு டூ வீலர் இ.எம்.ஐ. என்று வாழ்க்கை இறுகிவிடும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கப் பகுதிநேர பி.இ. இருக்கிறது, கோவை போன்ற ஊர்களில் சில பழைய கல்லூரிகள் மாலை வகுப்பாக நடத்துகின்றன. டிப்ளமோவும் வேலை அனுபவமும் வேண்டும். ஷிஃப்ட் முடித்த உடம்போடு மாலையில் தெர்மோடைனமிக்ஸ் கேட்பது எளிதில்லை. இருந்தாலும் கோவை மில்களிலும் ஃபவுண்டரிகளிலும் மேலாளர் நாற்காலிவரை போன பலர் இந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள்.

மூன்றாவது விலை பெயர். ‘மார்க் வரலையா, அதான் பாலியில போட்டீங்களா’ என்று கேட்பார்கள். அதற்கு நம்மிடம் மருந்தில்லை. ஆறு ஆண்டு பொறுத்தால் தானே அடங்கும்.

நேரடி இரண்டாம் ஆண்டுக்கு டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான் இதை நடத்திவருகிறது. இதில் கவனிக்க வேண்டியது: பிளஸ் டூ கட் ஆஃபில் எட்டாக்கனியாக இருக்கும் அரசுக் கல்லூரிகளும் உதவிபெறும் கல்லூரிகளும் இங்கே நல்ல டிப்ளமோ மதிப்பெண் வைத்திருப்பவருக்கு எட்டும். பத்தாம் வகுப்பில் நடுத்தரமாக இருந்து, டிப்ளமோவில் ஒட்டிப் படித்தவர்கள் கடைசியில் தன் பள்ளித் தோழர்களைவிட நல்ல கல்லூரியில் போய் நிற்பதும் உண்டு.

ஐ.டி.ஐ. பற்றிச் சுருக்கமாக. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் எல்லாம் 2 ஆண்டு. வெல்டர் 1 ஆண்டு. இன்ஜினியர் ஆகவேண்டும் என்ற எண்ணம் துளியாவது இருந்தால் 2 ஆண்டு டிரேடை எடுப்பது நல்லது, டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போகும் பாலம் அதுதான். மாநில அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் தொழில் 4.0 மையங்களாக மாற்றியது. சி.என்.சி., ரோபோ, மின்வாகனப் பயிற்சி எல்லாம் அங்கே வந்திருக்கிறது. பல பொறியியல் கல்லூரிகளின் லேபில் இல்லாத மெஷின்கள் அவை. பெட்டி பிரிக்காத மெஷினாக இருக்கிறதா, மாணவர் கை படுகிறதா என்பதை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இருநூறுக்கு எவ்வளவு

இனி எல்லாருக்கும் தெரிந்த வழி. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 என்றால் 92 + 44 + 42 = 178. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் ஒன்று முழுதாகப் போகும். மற்ற இரண்டில் அரைதான் போகும். 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. அப்போது கட் ஆஃப் 300க்கு. அந்தத் தேர்வுக்கான கோச்சிங் நகரத்தில் மட்டுமே கிடைத்ததால் கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள் என்பதற்காக 2006இல் சட்டம் போட்டு, 2007 சேர்க்கை முதல் அதை எடுத்தார்கள். கல்லூரி வாசலே பார்க்காத குடும்பங்களிலிருந்து ஏராளமானோர் உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான். அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதன் நிழலில் ஒரு கெட்ட பழக்கம் வளர்ந்தது. பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே எல்லாம் என்றானதும், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தன. வகையிடலின் அடிப்படை, முக்கோணவியல், வெக்டர் அறிமுகம், இயற்பியலில் விசையியல் என்று இன்ஜினியரிங்குக்கு அடித்தளமானவை பெரும்பாலும் பிளஸ் ஒன்னில்தான் இருக்கின்றன. கணிதத்தில் 190ஐ ஒட்டி எடுத்தவர்கள், அப்போது பாட மதிப்பெண் 200க்கு இருந்தது, அண்ணா பல்கலைக்கழக முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்த விந்தை அப்படித்தான் நிகழ்ந்தது. இதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும், சரி. பள்ளிகள் பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் யார் கண்காணிப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. பெற்றோர் செய்யக்கூடியது எளிது: செப்டம்பரில் பிள்ளையின் பையைத் திறந்து எந்த வகுப்புப் புத்தகம் இருக்கிறது என்று பார்க்கலாம்.

கணக்கே பிடிக்காத பிள்ளையை ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளுவதன் விலை என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் வசூலாகும். பொறியியலில் சேரக் குறைந்தபட்சத் தகுதி பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. அதாவது கட் ஆஃப் 80, 90 என்று இருப்பவருக்கும் எங்காவது இடம் கிடைக்கும். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கும் மாநிலத்தில் சீட் கிடைப்பது இன்று பிரச்சினையே இல்லை. சேர்ந்த பிள்ளை நான்கு ஆண்டில் பட்டத்தோடு வெளியே வருமா என்பதுதான் கேள்வி. கட் ஆஃப் 90 எடுத்துக் கடைசிச் சுற்றில் கிடைத்த கல்லூரியில், புதிதாகப் பெயர் சூட்டிய ஏதோ ஒரு ஏ.ஐ. பிரிவில் சேர்ந்து பதினைந்து அரியருடன் நிற்பதைவிட, பத்தாம் வகுப்பு முடிந்ததும் நல்ல பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தால் அந்தப் பிள்ளை எங்கோ போயிருக்கும். இதை அந்த வீட்டார் கலந்தாய்வு அறையில் உணர்ந்து பயனில்லை.

கலந்தாய்வு இப்போது அறையில் நடப்பதும் இல்லை. 2018 முதல் ஆன்லைன்; 2019 முதல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பதில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. இதில் அதிகம் பேர் தடுமாறுவது, கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் நிரப்பும் சாய்ஸ் ஃபில்லிங்கில். ‘அந்தக் கல்லூரி நமக்குக் கிடைக்காது, எதுக்கு முதலில் போடணும்’ என்று கிடைக்கக்கூடியதை மேலே வைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. கிடைக்காததை முதலில் வைத்ததால் கீழே இருப்பது பறிபோகாது. ஆகவே மனதில் உள்ள உண்மையான வரிசையில், தயங்காமல், நீளமாகப் போட வேண்டும். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டும் காத்திருக்கலாம். மூன்றாவது தேர்வின் அபாயத்தைப் புரிந்துகொண்டு அழுத்த வேண்டும். பிரவுசிங் சென்டர்க்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து ‘நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே’ என்பதை மட்டும் செய்யாதீர்கள்.

கல்லூரியை எப்படிப் பார்ப்பது? இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவவாரியாக அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. நல்ல அளவுகோல், ஒரு எச்சரிக்கையோடு: தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுத்துத் தாங்களே திருத்துகின்றன, அவற்றின் 90 விழுக்காட்டை மற்றதன் 50 விழுக்காட்டோடு ஒப்பிட முடியாது. ‘என்.பி.ஏ. அங்கீகாரம்’ என்று போர்டு போட்டிருந்தால் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். நாக், என்.பி.ஏ. இரண்டும் தரத்துக்கான அங்கீகாரங்கள். நாக் என்பது கல்லூரி முழுமைக்கும் தருவது, என்.பி.ஏ. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை வைத்துப் புதிய பிரிவுக்கும் சேர்த்து விளம்பரம் செய்வது சகஜம்.

பிரிவா கல்லூரியா என்ற பழைய வாதத்தில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. கிண்டி, எம்.ஐ.டி., கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராஜர் போன்ற கல்லூரிகளில் கிடைப்பது எந்தப் பிரிவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்; உடன் படிப்பவர்களே பாதி ஆசிரியர்கள். அந்த வரிசைக்குக் கீழே வந்துவிட்டால் பிரிவைப் பாருங்கள், அந்தப் பிரிவில் பத்தாண்டு நிலைத்திருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள்.

என்.ஐ.டி., ஐ.ஐ.டி.களுக்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. வழியைப் பற்றி இதழ்களிலும் கோச்சிங் போஸ்டர்களிலும் வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. ஜனவரி, ஏப்ரல் என இரண்டு முறை ஜே.இ.இ. மெயின், தமிழிலும் எழுதலாம். அதில் முன்னணியில் வரும் இரண்டரை லட்சம் பேருக்குத்தான் ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வு; அதில் தமிழ் இல்லை. தமிழ் மாணவர்கள் கவனிக்காத ஒன்று, திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பது. ஐ.ஐ.டி. கனவு என்று ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டும் வீடுகள், மெயின் தேர்வை மட்டும் நன்றாக எழுதினால் பக்கத்து ஊரிலேயே இப்படியொரு இடம் இருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வேலையில் சேர்ந்தபடி படிப்பதற்கும் சில வழிகள் இருக்கின்றன. ஸோஹோ இருபது ஆண்டுகளாகப் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. பட்டம் கிடையாது, வேலை உண்டு. எச்.சி.எல். பிளஸ் டூ கணித மாணவர்களை எடுத்து, வேலையோடு சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்க வைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்புகள் டேட்டா சயின்ஸிலும் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸிலும் இருக்கின்றன, ஜே.இ.இ. வேண்டாம், தகுதித் தேர்வு போதும். சேருவது சுலபம், முடிப்பது சுலபமில்லை. இந்தப் பட்டியலில், ‘எங்கள் ஃபேக்டரியில் வேலை பார்த்தபடியே படிக்கலாம்’ என்று ஊர் ஊராக வேன் அனுப்பி ஆள் எடுக்கும் எல்லாவற்றையும் சேர்த்துவிடக் கூடாது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம், வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு என்று எழுத்தில் தராவிட்டால் அது அசெம்பிளி லைனுக்கு ஆள் எடுப்பு மட்டுமே.

எந்த வழியில் முடித்தாலும், நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகும் அப்ரென்டிஸ்ஷிப்பை ஒதுக்க வேண்டாம். 1961 சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரென்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோக்காரர்களுக்கும் தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் வழியாக ஓராண்டு வாய்ப்பு கிடைக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களில் ஒரு வருடம் நின்றவரின் பயோடேட்டா, பிராஜெக்டைச் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விலைக்கு வாங்கியவரின் பயோடேட்டாவைவிடக் கனமானது. உதவித்தொகை குறைவு, வேலை நிரந்தரமாகும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குக் கிடைக்கும் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழைப் பல அரசு நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே கேட்கின்றன.

பணமும் தாள்களும்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021 சட்டத்தின்படி பொறியியலில் 7.5 விழுக்காடு தனி இடங்கள் உண்டு. அப்படிச் சேர்கிறவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. இது தெரியாமல், ‘பிளஸ் டூவுக்கு மட்டும் நல்ல ஸ்கூல்’ என்று கடைசி இரண்டு ஆண்டுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றி, உரிமையை இழக்கும் வீடுகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றன. இதுவும் பத்தாம் வகுப்பு ஜூனில் நடக்கும் தவறுதான். அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது பொருந்தும்.

தனியார் கல்லூரியில் கலந்தாய்வு வழி இடத்துக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000 என்று கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தது. பஸ், ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் டிரெய்னிங் என்று மேலே ஏறுவது தனி; சேருமுன் மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு, கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் ரிசல்ட் வருமுன்பே அட்வான்ஸ் கட்டியவருக்கு அது கிடைக்காது.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. மேசைகளைத் தாண்டி வர நாளாகும். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரின் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. நடுவில் ஓரிரு ஆண்டு பெங்களூரிலோ துபாயிலோ படித்திருந்தால் தேவைப்படும். இவற்றை ஏப்ரலிலேயே முடித்து வைத்திருப்பவர்கள், விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை.